கத்தினால் கிடைக்கிறது

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு எட்டு வயது. ஒரு வருடமாக முரட்டுப் பிடிவாதம். போனை வாங்கினால் தட்டை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் சொல்வதில்லை. கணவர் இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டுகிறார். பகல் தூக்கம் கெட்டால் பெல்ட்டை எடுத்துவிடுவார். மாமியார் குறுக்கே வந்து பேரனை அணைத்துக்கொள்வார். தணிகை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறோம். மருந்து ஏதாவது தர வேண்டுமா?
– ஒரு வாசகி, திருத்தணி

பதில்: வேண்டுதலை நிறைவேற்றுங்கள் அம்மா. மருந்துக்கு இப்போது அவசரம் இல்லை. பள்ளியில் அடங்கியிருக்கத் தெரிந்த பையன் வீட்டில் மட்டும் தட்டை வீசுகிறான் என்றால், பெரும்பாலும் வீட்டில் அது பலிக்கிறது.

"போதும், வை" என்கிறீர்கள். கத்துகிறான். நீங்களும் கத்துகிறீர்கள். தட்டு பறக்கிறது. அப்பா எழுந்துவிடுவாரே என்ற பதற்றத்தில் "இந்தா, தொலை" என்று போன் அவன் கைக்கே போகிறது. வீடு அடங்குகிறது. கத்தினால் கிடைக்கும் என்று அவனும், கொடுத்தால் நிம்மதி என்று நீங்களும் பழகிவிடுகிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982-ல் வெளியிட்ட நூலில் விவரித்தது இந்தச் சுழலைத்தான். களைத்துப்போன எந்த வீட்டிலும் இது நடக்கும், உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

பெல்ட் மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோபம் வந்தால் சின்னவரை அடிக்கலாம் என்பதைத்தான் அது கற்றுத்தருகிறது. அவனுக்குச் சின்னவள் தங்கை.

அவன் இல்லாத நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து, போன் எத்தனை மணி வரை என்று ஒரே முடிவுக்கு வாருங்கள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு எவ்வளவு கத்தினாலும் கொடுக்க வேண்டாம், நீங்களும் குரலை உயர்த்த வேண்டாம்; தங்கையை மட்டும் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் அடம் முன்பைவிட ஏறும். பல வீடுகள் தோற்பது இங்கேதான். பத்தாவது நிமிடம் மனம் இளகிக் கொடுத்தால், பத்து நிமிடம் கத்த வேண்டும் என்று புரிந்துகொள்வான். பாட்டி அணைத்துக்கொள்ளட்டும், அவன் அடங்கிய பிறகு.

திட்டும்போது மட்டும்தான் அப்பா அவனைப் பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது. லீவு நாளில் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு தணிகை மலையின் 365 படிகளும் ஏறச் சொல்லுங்கள். போனும் அறிவுரையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு வருடமாக என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் வீட்டில் என்ன மாறியது? தறி நின்றதா, கடன் ஏறியதா, உங்கள் இருவருக்குள் பேச்சு நின்றதா? காரணம் புரியாவிட்டாலும் அந்த இறுக்கம் பிள்ளையைத் தொடும். உங்களுக்கே தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றால் முதலில் உங்களைக் கவனியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இரண்டு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் காட்டுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் அவரிடமும் பேச வேண்டியிருக்கும்.