இரண்டு கடிகாரங்கள்: ஓர் அம்மாவின் ஒருநாள் தந்த பாடம்

முதுகுளத்தூர் வட்டாரத்தில் "அப்பா எங்கே வேலை பார்க்கிறார்?" என்று வகுப்பில் கேட்டால் பாதி விடைகள் நாடுகளின் பெயர்களாகவே வரும். மானாவாரி நெல்லும் மிளகாயும் கைகொடுக்காத ஆண்டுகளில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று அப்பாக்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். அம்மாவும் உடன்சென்று வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் குறைவு. அப்படி ஒரு குடும்பத்துப் பையன் ஒரு சூன் மாதம் எங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். சிங்கப்பூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்.

சேர்க்கை நாளில் அறிவியல் புத்தகத்தை நீட்டி ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். பொருள் கேட்டேன், விழித்தான். "வீட்டில் தமிழே சொல்லிக் கொடுக்கலையாம்மா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

நான் கேட்டது தவறு என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. ஒளிச்சேர்க்கை என்ற சொல் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்பதைப் படம் வரைந்து விளக்கினான். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அங்கே பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். ஆகவே அவனுக்குத் தெரியாதது தமிழ் அன்று. பாடத்தின் கலைச்சொற்கள் மட்டுமே. இரண்டையும் நான் ஒன்றாக எண்ணிவிட்டேன்.

அம்மாவை மீண்டும் வரச்சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றுதான் அவர் மனம்விட்டுப் பேசினார்.

"அங்கே பெற்றோர் கூட்டத்துக்குப் போவேன் டீச்சர். தமிழ் டீச்சர் மட்டும் தமிழில் பேசுவாங்க. மத்தவங்க இங்கிலீஷ்ல சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வருவேன். சொந்த ஊருக்கு வந்தும் அன்னைக்கு அதே மாதிரிதான் தலையாட்டினேன்."

சாதாரண வேலை அனுமதிச்சீட்டில் சிங்கப்பூர் செல்பவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. குறிப்பிட்ட சம்பள வரம்பைத் தாண்டிய அனுமதி உள்ளவர்களே மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ளலாம். கணவரின் வேலை முடிந்தால் அந்த அனுமதியும் முடிந்துவிடும். இவர்கள் திரும்பியதும் அப்படித்தான். பையன் பிறந்தபோது உதவிக்குத் தாய் அருகில் இல்லை. தினமும் இரவு ஊருக்குப் பேசும் அரைமணி நேரமே ஆறுதல். "சமையற்கட்டில் ரெண்டு கடிகாரம் மாட்டி வச்சிருந்தேன் டீச்சர். ஒண்ணு அந்த ஊருக்கு, ஒண்ணு நம்ம ஊருக்கு" என்றார்.

அந்தக் கடிகாரங்களே எனக்குப் பாடமாயின. தீர்க்கக்கோடுகள் நடத்தும் நாளில் அவரை வகுப்புக்கு அழைத்தேன்.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் இரண்டு கடிகாரங்கள் வரைந்தோம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அம்மா தன் ஒருநாளைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் இந்திய நேரத்தைக் கணக்கிட்டார்கள்.

1. அம்மா எழுவது காலை 5.00. முதுகுளத்தூரில் அதிகாலை 2.30.
2. பிள்ளையுடன் பள்ளிக்குக் கிளம்புவது காலை 6.30. இங்கே 4.00.
3. ஊருக்குப் பேசுவது இரவு 9.30. இங்கே மாலை 7.00.

"ஆறரைக்கும் இருட்டாத்தான் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நடந்து போவோம்" என்றார் அம்மா. வகுப்பு நம்பவில்லை. காரணத்தைத் தேடினோம்.

இந்தியத் திட்ட நேரம் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104° கிழக்கில் உள்ளது. வேறுபாடு 21½°. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 86 நிமிடம்தான் வருகிறது. பிறகு ஏன் 150 நிமிடம்? சிங்கப்பூர்க் கடிகாரம் 120° கிழக்குக்குரிய நேரத்தைப் பின்பற்றுகிறது. நாட்டின் கிழக்குப் பகுதியோடு ஒரே நேரம் இருக்கவேண்டும் என்று தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. அதனால் அங்கே சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 7 மணி ஆகிவிடுகிறது. சூரியன் காட்டும் நேரம் வேறு, அரசு வகுக்கும் நேரம் வேறு என்பது மாணவர்களுக்குத் தெளிவாயிற்று.

கடைசியாக ஒரு புதிர் கொடுத்தேன்: சிங்கப்பூரில் மார்ச் 12 அதிகாலை 1.00 மணிக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. முதுகுளத்தூரில் தொலைபேசியை எடுத்த பாட்டி அன்று மார்ச் 11 என்கிறார். யார் சொல்வது சரி? இங்கே அப்போது மார்ச் 11 இரவு 10.30, எனவே இருவர் சொல்வதும் சரி. பிறப்புச் சான்றிதழில் எந்தத் தேதி இருக்கும் என்ற வாதம் நீண்டது. பிறந்த இடத்தின் தேதியே என்று விடை சொன்னவன் அந்தப் பையன்.

தொடர்பணியாக, அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள நேரத்தைக் கணக்கிட்டார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். "அப்பா ஏன் நான் தூங்கின பிறகே கூப்பிடுறாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் ஒரு மாணவி.

நாம் செய்யக்கூடியவை

வெளிநாட்டிலிருந்து திரும்பும் குழந்தையைச் சோதிக்கும் முன் எந்த மொழியில், எதைப் படித்தான் என்று கேட்போம். கலைச்சொற்களை இருமொழிப் பட்டியலாக்கி, பாடவாரியாகக் குறிப்பேட்டில் ஒட்டச் செய்யலாம். முதல் சில வாரங்கள் படமாகவோ ஆங்கிலத்திலோ தரும் விடையையும் ஏற்று, அருகில் தமிழ்ச் சொல்லை எழுதலாம். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம், 2009. சான்று வேற்றுமொழியில் இருந்தாலும் பெற்றோரை அலையவிடாமல் வழிகாட்டுவது நம் பொறுப்பு.

செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்த தாய்மார்களும் இன்று நம் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். நாம் சொல்வது புரியாமல் அவர்களும் தலையாட்டுகிறார்கள். வீட்டில் தம் மொழியில் தாராளமாகப் பேசட்டும் என்று அவர்களிடம் சொல்வோம். தாயோடு பேசும் மொழி குழந்தையின் படிப்புக்குத் தடையாகாது.

அரையாண்டுத் தேர்வில் பையன் அறிவியலைத் தமிழிலேயே எழுதினான். பிழைகள் இருந்தன, விடைகள் சரியாக இருந்தன. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மா கைதூக்கி, "நீங்க கடைசியா சொன்னது எனக்குப் புரியலை டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். மகிழ்ச்சியோடு மறுபடியும் சொன்னேன்.