ஒலிம்பியா கண்ட லூசியன்

யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் சமோசாட்டா என்னும் பழம்பதி ஒன்று இருந்தது. இன்றைய துருக்கி நாட்டின் தென்கிழக்கில் இருந்த அவ்வூர், பிற்காலத்தே கட்டப்பெற்ற பேரணையின் நீரில் மூழ்கி மறைந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவ்வூரிற் பிறந்தவர் லூசியன். சிறுவயதில் தாய்மாமனிடம் சிற்பத்தொழில் பயிலச் சென்று, முதல் நாளிலேயே பலகைக்கல் ஒன்றை உடைத்து, அடிபட்டு அழுதுகொண்டே வீடு திரும்பியதாக அவரே எழுதியுள்ளார். உளியை விட்டுக் கல்வியைப் பற்றிய அவர், கிரேக்க உரைநடையாசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார். நெடுந்தொலைவு பயணம் செய்த அவர் ஒலிம்பிக் விழாவை நான்கு முறை கண்டவர்.

ஒலிம்பியா ஒரு நகரம் அன்று. கிரேக்க நாட்டின் தென்பகுதியில், ஆல்பியஸ், கிளாடியஸ் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் அமைந்த சீயஸ் கடவுளின் திருக்கோயில் அது. கி.மு. 776 முதல் எனக் கிரேக்கர் கணக்கிட்ட அவ்விழா, நான்காண்டுக்கு ஒருமுறை கடுங்கோடையில் ஐந்து நாள் நடைபெற்றது. கடல் கடந்தும் மலை கடந்தும் வந்து குவிந்த மக்களுக்குத் தங்க வீடு ஏது? இருந்த பெருவிடுதி ஒன்றும் உயர்ந்தோர்க்கே உதவியது. ஏனையோர் கூடாரம் அடித்தனர். அதற்கும் வழியில்லாதவர் வெட்டவெளியிற் படுத்தனர்.

அரங்கிற்குச் செல்லும் வழியில் சீயஸின் வெண்கலப் படிமங்கள் வரிசையாக நின்றன. அவை பக்தியால் வைத்தவை அல்ல. போட்டியில் வஞ்சனை செய்தோரிடம் பெற்ற தண்டப்பொருளைக் கொண்டு வார்த்தவை. கி.மு. 388-இல் எதிரிகளுக்குக் கைக்கூலி கொடுத்து வென்ற குத்துச்சண்டை வீரன் ஒருவனால் முதல் ஆறு படிமங்கள் எழுந்தன. ஓடப் போகும் வீரர் அவற்றைக் கடந்தே உட்புக வேண்டும். நல்ல ஏற்பாடுதான்!

ஓடுகளம் ஏறத்தாழ 192 மீட்டர் நீளமுடையது. அதனைச் சூழ்ந்த மண்சரிவுகளில் 40,000-க்கு மேற்பட்டோர் அமரலாம் என்பர். கல்லிருக்கை நடுவர்களுக்கு மட்டுமே உண்டு. பிறர் புல்லிலும் புழுதியிலும் அமர்ந்தும் நின்றும் வெயிலில் வெந்தனர். வெயில், நெரிசல், கூச்சல், நீராட வசதியின்மை, மழை வந்தால் நனைதல் ஆகிய துன்பங்களை எல்லாம் எபிக்டெட்டஸ் என்னும் ஞானி எண்ணிக் காட்டி, காட்சியின் சிறப்புக் கருதி மக்கள் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றனர் என்றார். ஈத்தொல்லையோ சொல்லுந்தரமன்று, ஈக்களை ஓட்டும் சீயஸுக்கெனத் தனியே பலியிட்டனர் என்றால் வேறு கூறவும் வேண்டுமோ!

இவை அனைத்தினும் கொடியது நீர்வேட்கை. நல்ல குடிநீர் போதாமையால் நோய் பரவிப் பலர் மாண்டனர். பல நூற்றாண்டுகளாக நிலவிய இக்குறையை, இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏதென்ஸ் நகரப் பெருஞ்செல்வராகிய ஹெரோடஸ் அட்டிகஸ் நீக்கினார். தொலைவிலிருந்த ஊற்றுகளின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, கோயில் வளாகத்தில் அரைவட்ட வடிவான நீர்மாளிகை ஒன்றை அவர் எழுப்பினார். அதில் நின்ற சலவைக்கல் எருதின் உடலில், டெமீட்டர் தெய்வத்தின் பூசகியாகிய ரெஜில்லா இந்நீரைச் சீயஸுக்கு அளித்தாள் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ரெஜில்லா ஹெரோடஸின் மனைவி. மணமான பெண்டிர் அவ்விழாவைக் காணலாகாது என்பது சட்டம். டெமீட்டரின் பூசகி ஒருத்திக்கே விலக்கு உண்டு. அவ்வாறு காணும் உரிமை பெற்ற ஒருத்தியின் பெயராலேயே ஆயிரக்கணக்கான ஆடவர் தாகம் தீர்ந்தனர். அவ்வெருது ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.

இந்த நற்செயலையும் பழித்தார் ஒருவர். பெரெகிரினஸ் என்னும் துறவி கூட்டத்தினிடையே எழுந்து, “தண்ணீர் கொடுத்துக் கிரேக்கரை மென்மையராக்கிவிட்டான், விழாக் காண வருவோர் தாகத்தைப் பொறுத்தல் வேண்டும்” என்னும் கருத்துப்படப் பேசினாராம். பேசும்போதே அவரும் அந்நீரைப் பருகிக்கொண்டிருந்தார் என்று லூசியன் குறும்பாகக் குறிக்கின்றார். மக்கள் கல்லெடுத்தனர். துறவி ஓடிச் சீயஸிடம் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார். அடுத்த விழாவிலோ, இடைப்பட்ட நான்காண்டில் இயற்றிய சொற்பொழிவுடன் வந்து, நீர் கொணர்ந்தவரைப் புகழ்ந்து பேசினார்!

கி.பி. 165-ஆம் ஆண்டு விழா, தாம் கண்ட நான்கனுள்ளும் மிகச் சிறந்தது என்கிறார் லூசியன். அவ்விழாவை ஒட்டித் தாம் எரிபுகப் போவதாகப் பெரெகிரினஸ் முன்னரே பறைசாற்றியிருந்தார். அதனைப் புகழாசை என்றே லூசியன் எள்ளினார். விழா முடிந்தவுடன் அவர் ஊர் திரும்பியிருப்பார். ஆனால் எல்லாரும் ஒரே வேளையிற் புறப்பட்டமையால் வண்டி கிடைக்கவில்லை. விருப்பமின்றியே பின்தங்கினார். பின்னர் ஓரிரவு நிலவெழுந்தபின் பெரெகிரினஸ் தீயிற் பாய்ந்து மாண்டதை, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவு சென்று கண்டார். கண்டதை நண்பர் ஒருவருக்கு எழுதினார். நீர்மாளிகைச் சண்டையும் வண்டி கிடையாத வருத்தமும் அக்கடிதத்தில்தான் உள்ளன. ஓட்டத்தில் வென்றவர் யார் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.