கள்ளிச் செடிகளுக்குச் சிக்கனமான தொட்டி மண்

அங்கத்தினர் சிலர், தறி வேலைக்கும் விவசாயத்துக்கும் துணையாகத் தொட்டிச் செடிகள் வளர்த்து விற்று வருகின்றனர். சென்ற ஐப்பசி மழையில், கள்ளக்குறிச்சிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவருடைய கள்ளி, கற்றாழைத் தொட்டிகள் முப்பதும் அடியழுகிப் போயின. வண்டல் மண்ணில் தொழுவுரத்தைத் தாராளமாகச் சேர்க்குமாறு அவருக்கு யோசனை கூறியவன் நானே. அப்பிழையினால் நான் கற்றதை யாவர்க்கும் எடுத்துரைப்பது என் கடமையாகும்.

காரணம் யாது?

கல்வராயன் மலையடிவாரம் போன்ற வறண்ட இடங்களில் கள்ளியினங்கள் கல்லும் சரளையும் கலந்த மண்ணிலே செழித்து நிற்கின்றன. பெய்த மழை அங்கே தங்குவதில்லை. இச்செடிகள் தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைப்பன. ஆதலின் வேருக்கு நீரைக் காட்டிலும் காற்றே மிகுதியும் வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கினால் காற்று நுழையாது. வேர் மூச்சடைத்துப் பூஞ்சணத்துக்கு இரையாகும். பாவுக்குக் கஞ்சி மிகுந்தால் இழை கெடுவது போல, உரம் மிகுந்தால் இச்செடி கெடும்.

கலவை

ஒரே படியால் அளந்து கொள்க:

பருமணல் 2 படி.
கடலையளவு உடைத்த செங்கல் 1 படி.
செம்மண் 1 படி.
உமிக்கரி அரைப் படி.
நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் படி.

வீடு கட்டி மிஞ்சிய மணலே போதும். அனுமதியின்றி ஆற்று மணல் அள்ளுதல் குற்றமாகும். எம்-சாண்ட் ஆயின், தூள் நீங்கக் கழுவுக. சிமெண்டு ஒட்டாத செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்து நீக்குக. தூள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அரிசி ஆலை உமியைப் புகையவிட்டு, கருத்தவுடன், வெண்சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைக்கவும். சாம்பல் மிகுந்தால் மண்ணில் காரம் ஏறும்.

சோதனை

ஈரக் கலவையைக் கைப்பிடியில் இறுக்கித் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் மணலும் செங்கல்லும் இன்னும் வேண்டும். உதிர்ந்தால் சரியான பதம். தொட்டியின் அடியில் துளை இருத்தல் அவசியம். அதன்மேல் ஓட்டுச்சில் ஒன்றை வளைவு மேல்நோக்கக் கவிழ்த்து வைக்கவும். ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் கீழே வடிந்துவிட வேண்டும்.

நடுதல்

காட்டுச் செடிகளைப் பெயர்த்து வராதீர்கள். வளர்ந்த தொட்டிச் செடியிலிருந்து துண்டு எடுப்பதே முறை. கள்ளிப்பால் கண்ணில் படலாகாது. வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் வைத்து, பின்னர் நடுக. மண் முற்றும் காய்ந்த பின்னரே மறுபடியும் நீர் விடுக. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுக.

கடைக் கலவைப் பைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஐந்தாறு அங்கத்தினர் கூடி உமியும் உடைசெங்கல்லும் ஒருங்கே சேகரித்தால், வண்டிக் கூலியும் குறையும். முதலில் இரண்டு தொட்டிகளில் மட்டும் நட்டு, ஒரு மழை பார்த்த பின்னரே மிகுதியாகச் செய்யுங்கள். நான் அன்று கூறத் தவறிய யோசனை இதுவேயாகும்.