ஓட்டுக் கூரையின் மரவேலை

ஓட்டு வீடு கட்டும் குடியானவர்கள் பலர் மரத்தின் தரத்தைக் கவனிக்கின்றனரேயன்றி, கூரை சுவரைத் தள்ளும் விதத்தைக் கவனிப்பதில்லை. ஓட்டின் பாரத்தால் முகடு தாழத் தாழ, கைமரங்களின் அடிப்பாகம் வெளிப்புறமாக விலகும். மண்சுவர் இத்தள்ளுதலைத் தாங்காது வெடித்துச் சாயும்.

இதைத் தடுப்பது குறுக்கு விட்டமே. எதிரெதிர்ச் சுவர்களின்மேல் நீளக் கட்டைகளைப் படுக்க வைத்து, கைமரங்களின் அடியை அவற்றில் வெட்டிப் பொருத்துக. பின்னர் அவ்விரு கட்டைகளையும் விட்டங்களால் இறுகப் பிணைத்தல் வேண்டும்.

மங்களூர் ஓட்டிற்கு 30 பாகை வாட்டம் ஏற்றது. கட்டைகளுக்கிடையே 12 அடி அகலமிருப்பின், அவற்றின் மட்டத்திற்குமேல் முகடு 3½ அடி உயர வேண்டும். கைமரம் ஏறக்குறைய 7 அடி. இறவாணத்திற்கு மேற்கொண்டு நீளம் விடுக. வாட்டம் குறைந்தால் காற்றோடு பெய்யும் மழைநீர் ஓட்டிடுக்கில் புகுந்து மரத்தை மக்கச் செய்யும். ரீப்பர்களின் இடைவெளியை, வாங்கிய ஓடுகளையே தரையில் அடுக்கி அளந்தறிக. சூளைக்குச் சூளை அளவு மாறும்.

பரண் அமைக்கவோ, குதிர் வைக்கவோ இடைஞ்சலென்று விட்டத்தைப் பிற்காலத்தில் அறுத்தெடுத்தல் ஆகாது. விட்டத்தை அறுப்பவர் தம் சுவரையே சாய்ப்பவராவர்.