இளவேனிலும் செவிக்கருவியும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என முன்னோர் வகுத்தனர். மாந்தளிரும் வேப்பம்பூவும் அப்பருவத்தின் அழகு. ஆயினும், வேலூரை அடுத்த பாகாயத்தில் அதுவே கடும் வெயிற்காலமுமாகும். குளிர்நாடுகளில் பூந்தாது படிந்து செவிக்கருவியின் ஒலிவாங்கித் துளை அடைபடுதல் உண்டு. நம் ஊரிலோ அதற்குப் பகை வியர்வையே. காதின் பின்னே வழியும் உப்புநீர் கருவியுட் புகின், உலோகம் அரிக்கப்படும், ஒலி மங்கும், ஈற்றில் அடங்கும். அணிந்த மாணவனுக்கு அன்று ஆசிரியரின் வாயசைவு மட்டுமே தெரியும், பாடம் கேளாது.

மாணவர்களே, விளையாடி மீண்டவுடன் கருவியைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் துடைத்தல் வேண்டும். இரவில் மின்கலத்தை எடுத்துவிட்டு, அதன் கதவு திறந்தபடியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட சிமிழில் கருவியை வைத்து மூடுக. சிலர் அரிசியில் புதைப்பர். அதன் தூசு துளையை அடைக்குமேயன்றி நலம் செய்யாது. வெயிலிற் காயவைப்பதோ அதனினும் கேடு. துத்தநாக மின்கலம் காற்றை ஏற்று இயங்குவது. மேலொட்டிய தாளை உரித்தபின் மீண்டும் ஒட்டினும் அதன் ஆற்றல் குறைந்துகொண்டேயிருக்கும். ஆதலின் வேண்டும்பொழுதே உரித்தல் சிக்கனம்.

பழுதுற்ற கருவியைத் தாமே பிரித்தல் தகாது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து பாகாயத்திலும் பரந்துள்ளது. செவிநோய்க்கு அங்குத் தனிப்பிரிவு உண்டு.