இதயத்துக்கு வரும் குழாய் மாறியிருந்தால் சிகிச்சை இல்லையா?



பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம் போய், அங்கிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ இதய சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஸ்கேன் அறிக்கையோடு திரும்புகிறார்கள். "குழாய் அமைப்பு வழக்கம்போல் இல்லை" என்று அதில் ஒரு வரி இருந்தால் வீடே கலங்கிவிடுகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தாங்களே முடிவுகட்டி, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கும் நோய். படபடப்பு, மூச்சுவாங்கல், களைப்பு வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு.

நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் டாக்டர் மிஷல் ஹைசகேர் குழுவினர் கண்டு சொன்னார்கள். பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் உள்ளிருந்துதான் தவறான மின்துடிப்பு கிளம்புகிறது. அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றி வடு உண்டாக்கினால் துடிப்பு இதயத்துக்குள் வராது. உறைய வைத்து அந்த வடுவை உண்டாக்குவதே கிரையோ பலூன் சிகிச்சை. தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, பலூனைக் குழாயின் வாயில் பொருத்தி, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவால் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர வைக்கிறார்கள். ஒரு முறைக்கு மூன்று, நான்கு நிமிடம். நெஞ்சைப் பிளப்பதில்லை.

வழக்கமாக இக்குழாய்கள் நான்கு: இடம் இரண்டு, வலம் இரண்டு. சிலருக்கு இடப்பக்க இரண்டும் சேர்ந்து ஒரே வாயாகத் திறக்கும். சிலருக்கு வலப்பக்கம் மூன்றாவதாக ஒன்று இருக்கும். பிறவியிலேயே அமைந்த இவ்வேறுபாடு நோயல்ல, அபூர்வமும் அல்ல. சிக்கல் பலூனின் அளவில்தான். பரவலாகப் பயன்படும் பலூன் 28 மில்லிமீட்டர் அகலம். வாய் அதைவிடப் பெரிதானால் அடைப்பு சரியாக விழாது. பக்கத்தில் ஓடும் வெதுவெதுப்பான இரத்தம் குளிரைக் கெடுத்துவிடும். அப்போது மருத்துவர் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாகப் பலூனை வைத்து உறைய வைக்கலாம்; அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் புள்ளி புள்ளியாகச் சுடும் முறைக்கு மாறலாம். வழி மாறுகிறது, கதவு மூடவில்லை.

நம் ஊரில் இரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே உண்மையான நரம்பு ஒன்றும் உண்டு. மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் அது வலப்பக்கக் குழாய்களை ஒட்டிப் போகிறது. உறைய வைக்கும்போது அதைத் தூண்டிப் பார்த்துக்கொண்டே இருந்து, தளர்ந்தால் உடனே நிறுத்துவார்கள். பாதிப்பு ஏற்பட்டாலும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

எனவே சிகிச்சைக்கு முன் சி.டி. படம் எடுப்பார்களா, குழாய் மாறியிருந்தால் எந்த முறை என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் சாய ஊசிக்கு முன் சிறுநீரகப் பரிசோதனை பற்றியும் கேட்க வேண்டும். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்குக் கணக்கே வேறு. முதலில் வால்வைத்தான் பார்ப்பார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, சிகிச்சை முடிந்து துடிப்பு சீரான பிறகும், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. ரமளானில் ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றலாமா என்பதை நோன்பு தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போங்கள். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.