எக்செல் விபிஏ: கன்ட்ரோலுக்கு முதலில் பெயர், பிறகு கோடிங்

விஷுவல் பேசிக் 6-ன் எடிட்டருக்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த ஆதரவு 2008-ல் நின்று விட்டது. ஆனால் அதே மொழி விபிஏ என்ற பெயரில் உங்கள் எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். இன்சர்ட் மெனுவில் யூசர்ஃபார்ம் தேர்ந்தெடுங்கள்.

காவேரிப்பாக்கத்தில் ஷூ அப்பர் தைக்கும் ஒரு சிறு யூனிட்டுக்கு இருவர் சேர்ந்து கூலிக் கணக்கு புரோகிராம் எழுதுவதாக வைத்துக் கொள்வோம். ஜோடி எண்ணிக்கை, ஜோடிக்குக் கூலி, முன்பணம் என மூன்று டெக்ஸ்ட் பாக்ஸ்கள். எக்செல் தானாகவே டெக்ஸ்ட்பாக்ஸ்1, 2, 3 என்று பெயர் வைத்து விடும். முன்பணத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் 3-க்குப் பதில் 2 என்று டைப் செய்து விட்டால் எந்த எர்ரரும் வராது. தைத்தவரின் கூலிதான் தப்பாகப் போகும்.

எனவே கன்ட்ரோலைக் கிளிக் செய்து எஃப்4 அழுத்துங்கள். பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் முதல் வரியில் உள்ள நேம் என்பதை மாற்றுங்கள். பலர் கேப்ஷனை மாற்றி விட்டுப் பெயர் மாறி விட்டது என்று நினைக்கிறார்கள். கேப்ஷன் திரையில் தெரிவது மட்டுமே. பெயரில் இடைவெளி கூடாது. முதலில் எழுத்துதான் வர வேண்டும்.

பெயரின் முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் சேர்ப்பது விஷுவல் பேசிக்காரர்களின் வழக்கம். டெக்ஸ்ட் பாக்ஸுக்கு டிஎக்ஸ்டி, லேபிளுக்கு எல்பிஎல், பட்டனுக்கு சிஎம்டி. நாம் இனிஷியல் போடுகிறோமே, அது போல! இதன் மூலமான முறைக்கு 'ஹங்கேரியன் நொட்டேஷன்' என்று பெயர். உருவாக்கிய சார்லஸ் சிமோனி ஹங்கேரியில் பிறந்தவர். அங்கும் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும்.

பட்டனுக்கு சிஎம்டி-யா, பிடிஎன்-னா என்பதில் இன்னும் எல்லோரும் ஒத்துப் போகவில்லை. டாட் நெட் வழிகாட்டுதலில் மைக்ரோசாப்டே ஹங்கேரியன் முறை வேண்டாம் என்கிறது. புதியவர்களுக்கு இது உதவும் என்பது என் கருத்து. சேர்ந்து எழுதும் இருவரும் ஒன்றைப் பேசி முடிவு செய்து, முதல் ஷீட்டில் குறித்து வைத்தால் போதும்.

கோடிங் எழுதிய பிறகு பெயரை மாற்றினால், பழைய பெயரில் உள்ள கிளிக் புரொசீஜர் அப்படியே அனாதையாக நிற்கும். பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காது. அப்போது கோட் விண்டோவுக்குச் சென்று, புரொசீஜரின் தலைப்பு வரியில் அடிக்கோட்டுக்கு முன் உள்ள பழைய பெயரை அழித்து, புதியதை டைப் செய்யுங்கள்.